சின்னவர் மறுபடி பரீட்சை எழுதுகிறார்

"அசையாதீங்க. அசையாம பதில் மட்டும் சொல்லுங்க. வெட்டுக்கிளியைத் தின்னுறது யாரு?"

கழுத்தில் கத்தி, முகமெல்லாம் நுரை. நாற்காலியில் மல்லாந்து கிடக்கும் டாக்ஸி டிரைவருக்கு விடை தெரியும். போன வாரமும் இதே கேள்விதான். ஆனால் வாயைத் திறந்தால் தொண்டை மேலும் கீழும் ஓடும், சரியாக அங்கேதான் கத்தி நிற்கிறது. அவர் கண்ணை உருட்டினார். கத்தி விலகியது.

"தவளை" என்றார் அவசரமாக.

"தவளையை?"

"பாம்பு."

"அந்தப் பாம்பை?"

"யோவ் சின்னவரே, பாம்பை எவன் தின்னா எனக்கென்ன? இந்தப் பக்கக் கன்னத்தை எப்ப வழிப்பீரு?"

"பருந்து" என்று தானே சொல்லிக்கொண்டு, மனநிறைவோடு மறு கன்னத்துக்குப் போனார் சின்னவர். பக்கத்து நாற்காலியில் ஒருவருக்கு முடி வெட்டிக்கொண்டிருந்த அண்ணன், கத்தரியை நிறுத்தாமலே ஒரு பெருமூச்சு விட்டார். பரீட்சை நெருங்க நெருங்க அந்தப் பெருமூச்சும் நீண்டுகொண்டே போனது.

கடை அகலம் குறைவு, நீளம் அதிகம். இரண்டு நாற்காலி, சுவர் முழுக்க ஒரே கண்ணாடி. கூடப்பிறந்தவர்கள் இரண்டு பேர் நடத்தும் சலூன். மூத்தவரைத் தெருவே 'அண்ணன்' என்கிறது, இளையவரைச் 'சின்னவர்' என்கிறது. சின்னவருக்கு நாற்பது தாண்டியாயிற்று, காதோரம் நரைத்தாயிற்று, படிக்கக் கண்ணாடியும் வந்தாயிற்று. ஆனாலும் பால் பாக்கெட் போடும் பையனிலிருந்து பல் போன கிழவர் வரைக்கும் அவர் சின்னவர்தான். அவசரக்காரர்கள் அண்ணனிடம் உட்காருவார்கள். பொழுது போகாதவர்கள் சின்னவரிடம். அண்ணன் வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசுவதற்குள் சின்னவர் ஒரு கண்டத்தையே சுற்றி வந்துவிடுவார்.

அவருக்கு ஒரு குணம். எல்லாம் சமமாக இருந்தாக வேண்டும். சட்டைக் கையை மடித்தால் இரண்டு மடிப்பும் ஒரே உயரத்தில் நிற்கும். செருப்பைக் கழற்றினால் இரண்டு முனையும் ஒரே கோட்டில். இரண்டு கோப்பை டீ வந்தால் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, குனிந்து மட்டம் பார்த்து, அதிகமிருப்பதில் ஒரு வாய் உறிஞ்சிச் சமமாக்கிவிட்டுத்தான் மற்றதை உங்களிடம் நீட்டுவார். தெருவில் நின்று பேசினால் உங்கள் கண்ணைப் பார்க்க மாட்டார். கிருதா இரண்டையும் மாறி மாறிப் பார்ப்பார். "கோவிச்சுக்காதீங்க, எவன் வெட்டினது? இடது பக்கம் ஒரு நூல் இறங்கியிருக்கு" என்பார். ஒருமுறை இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று சமப்படுத்தப் போய் ஒருவருடைய மீசையே காணாமல் போயிருக்கிறது. அந்த மனிதர் இன்றைக்கும் அண்ணனிடம்தான் உட்காருகிறார்.

பள்ளிக்கூடத்தைச் சின்னவர் பாதியில் விட்டவர். வீட்டில் கஷ்டம், அப்பாவுக்கு நோய் என்றெல்லாம் நாம் கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டாம். கடைசி வகுப்பில் கணக்கு வாத்தியாருக்குப் பயந்து கடைக்குள் ஓடி வந்தவர், அவ்வளவுதான். "ரெண்டு நாள் இருந்துட்டுப் போறேண்ணேன்னுதான் வந்தேன். அந்த ரெண்டு நாளு இன்னும் முடியல" என்பார். சொல்லிவிட்டு அவரே முதலில் சிரிப்பார்.

ஓடி வந்தவரை மறுபடி புத்தகத்தின் பக்கம் திருப்பியது ஒரு உலக வரைபடம். கடை வருவதற்கு முன்பு அந்த இடத்தில் பயணச்சீட்டு விற்கும் அலுவலகம் இருந்ததாம். காலி செய்தவர்கள் எதிர்ச் சுவரில் ஒட்டிய வரைபடத்தைக் கிழிக்காமல் போய்விட்டார்கள். சின்னவர் முடி வெட்டும்போதெல்லாம் கண்ணாடிக்குள் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடியில் உலகம் இடம் வலமாக அல்லவா தெரியும்? பல வருஷம் அவர் மனசுக்குள் கண்டங்களெல்லாம் திசை மாறிக் கிடந்தன. ஒரு நாள் கப்பலில் வேலை பார்க்கும் ஒருவரிடம், "நீங்க கிழக்கால போனா மேல்நாடெல்லாம் வந்துடுமே" என்று சொல்லப் போய், அந்த ஆள் நாற்காலி குலுங்கச் சிரித்துவிட்டார். சின்னவருக்கு முகம் சுருங்கிப் போயிற்று. அன்று கடை பூட்டியதும் வரைபடத்துக்கு நேரே போய் நின்று, முதல்முறையாக அதை நேராகப் பார்த்தார். "இவ்வளவு நாளா எல்லாத்தையும் திருப்பிப் போட்டுல்ல பார்த்திருக்கேன்!" என்று வீட்டுக்கு வந்து மனைவியிடம் புலம்பினார்.

பாலத்துக்கு அந்தப் பக்கம் மாலைக் கல்லூரி ஒன்று இருக்கிறது. அதில் புவியியல் படிக்க வேண்டும் என்று அப்போது பிடித்த பிடிவாதம். முதலில் பள்ளியை முடிக்க வேண்டுமே! தனித் தேர்வராகப் பணம் கட்டினார். கணக்கு வாத்தியார் இல்லாத கணக்கு அவருக்கு நன்றாகவே வந்தது. ஏறக்குறைய எல்லாப் பாடத்திலும் ஏ, பி என்று வாங்கித் தேறினார். அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. வாயே திறக்காத மனிதர், வந்து உட்காருகிறவர்களிடமெல்லாம், "எங்க சின்னவன் பள்ளிக்கூடம் முடிச்சுட்டான், தெரியுமில்ல?" என்று துண்டைக் கட்டும்போதே ஆரம்பித்துவிடுவார்.

ஒரே ஒரு பாடம் காலை வாரிவிட்டது. சுற்றுச்சூழல் கல்வியில் சி. புவியியல் படிக்க அந்தப் பாடத்தில்தான் குறைந்தது பி வேண்டும் என்றது கல்லூரி. "சி-ன்னு போட்டிருக்கான் பாருங்க, மூஞ்சிக்கு நேரா சீன்னு சொன்ன மாதிரி" என்று சின்னவர் ஒரு வாரம் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. காடு, ஏரி, காற்று, மண் எல்லாம் தலைகீழாகத் தெரியும். பின்னே எங்கே கோட்டை விட்டார்?

கண்டுபிடித்தது மனைவி. அவர் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவர். டாக்டர்கள் கிறுக்குவதையே படித்துவிடுகிற கண்ணுக்கு இதெல்லாம் எம்மாத்திரம்! திருத்திய விடைத்தாளைப் பார்க்கலாம் என்று தேர்வு அலுவலகத்தில் சொன்னார்கள். இருவரும் போனார்கள். மனைவி தாளைப் புரட்டினார், திரும்பப் புரட்டினார், கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"என்னங்க இது? ரெண்டு மார்க் கேள்விக்கும் முக்கால் பக்கம், பத்து மார்க் கேள்விக்கும் முக்கால் பக்கம்! பதில் எழுதினீங்களா, கிராப்பு வெட்டினீங்களா?"

சின்னவர் எட்டிப் பார்த்தார். உண்மைதான். எல்லா விடையும் ஒரே மட்டத்தில் முடிந்திருந்தது. 'மட்கும் குப்பை என்றால் என்ன' என்று கேட்டதற்கு முக்கால் பக்கம் இழுத்திருந்தார். 'காடுகள் அழிவதால் வரும் விளைவுகளை விளக்குக' என்றதற்கு, மண் அரிப்பு வரை வந்து, அதற்கு மேல் போனால் மட்டம் தப்பும் என்று மழையையும் விலங்குகளையும் வெட்டிப் போட்டிருந்தார். சின்னக் கேள்விக்கெல்லாம் பக்கத்தில் சிவப்பு மையில் 'சுருக்கமாக எழுதவும்', பெரிய கேள்விக்கெல்லாம் 'விரிவாக எழுதவும்'.

"ஒரு இடத்துல குறைங்கிறான், இன்னொரு இடத்துல நீட்டுங்கிறான். ஒரு முடிவுக்கு வர மாட்டானா?" என்று முணுமுணுத்தவர், தாளைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். "ஆனா நீயே சொல்லு, பார்க்க அழகா இல்ல?"

"அழகுக்கு மார்க் கிடையாதுங்க."

மற்றப் பாடங்களில் எப்படித் தப்பினார் என்று கேட்கலாம். வரலாற்றில் எல்லாக் கேள்விக்கும் ஒரே மதிப்பெண். மொழிப் பாடத்தில் எவ்வளவு எழுத வேண்டும் என்று தாளிலேயே கோடு போட்டிருந்தார்கள். கணக்கில் வெட்டவும் முடியாது, நீட்டவும் முடியாது. சுற்றுச்சூழல் ஒன்றில்தான் அவர் கை அவர் தொழிலைக் காட்டிவிட்டது.

மதிப்பெண்ணை உயர்த்திக்கொள்ள மறுபடி எழுதலாம் என்று ஒரு வழி இருந்தது. ஆனால் பணம் கட்டும் ஜன்னலில் உட்கார்ந்திருந்தவர் கையை நீட்டி நிறுத்தினார். "மார்க் ஏறினாலும் புதுசுதான் நிக்கும், இறங்கினாலும் புதுசுதான் நிக்கும். ஃபெயிலானீங்கன்னா பழைய பாஸும் போயிடும், மொத்தச் சான்றிதழும் போயிடும். நல்லா யோசிச்சுக்குங்க சார்."

இதைக் கேட்டு அண்ணன் ஆடிவிட்டார். அன்றைக்குக் கடையில் நடந்த சண்டை, தெருவில் இன்னும் பேசப்படுகிறது. அண்ணன் வாயிலிருந்து அத்தனை வார்த்தை ஒரே நாளில் வந்து யாரும் பார்த்ததில்லை.

"ஃபெயிலானவன் மறுபடி எழுதுவான். பாஸானவன் எழுதி எங்கயாவது கேள்விப்பட்டிருக்கியாடா? இருக்கிறதை விட்டுட்டுப் பறக்கிறதுக்கு ஆசைப்படுறியே!"

"பி இல்லாம காலேஜ்ல எடுக்க மாட்டாங்கண்ணே."

"காலேஜ் சாயங்காலம். சாயங்காலம்தான் இங்க கூட்டம். ஒத்தை ஆளு நான் எத்தனை தலையைப் பார்ப்பேன்? சரி, அதை விடு. ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்கேன்டா, எங்க சின்னவன் முடிச்சுட்டான்னு. நாளைக்குப் போச்சுன்னா நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு மத்தவன் மூஞ்சியை வழிப்பேன்?"

அண்ணன் சொன்னதில் தப்பு இல்லை. கையில் இருக்கும் பாஸ் போய்விட்டால் இந்த வயதில் இன்னொரு முறை எல்லாப் பாடத்துக்கும் உட்கார அவருக்குத் தெம்பும் கிடையாது. இருந்தும் மறுநாள் போய்ப் பணத்தைக் கட்டிவிட்டு வந்தார். வந்ததும் அண்ணனைப் பார்க்காமல், "தெரிஞ்சதை எழுதாம வந்துட்டேன்ணே. தெரியாம இருந்தா விட்டுருப்பேன்" என்றார். அதற்குப் பிறகு அண்ணன் அவரிடம் வேலைக்கு வேண்டிய வார்த்தை மட்டுமே பேசினார். "துண்டு", "பவுடர்", "அடுத்தது யாரு" இவ்வளவுதான்.

வீட்டில் மனைவி வைத்தியம் ஆரம்பித்தார். "இது படிப்புக் கோளாறு இல்லீங்க, கைக்கோளாறு" என்பது அவர் கட்சி. சுவரில் இருந்த காலண்டரைக் கோணலாக மாட்டினார், நேராக்கக் கூடாது என்று உத்தரவு. சாப்பிடும்போது ஒரு டம்ளரில் முழுசாகத் தண்ணீர், இன்னொன்றில் பாதி, தொடக் கூடாது. சின்னவர் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. காலண்டர் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு சாப்பிட்டார். ஒரு நாள் பொறுக்க மாட்டாமல் எழுந்து போய், அதன் கீழே நின்று, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தன் தலையைச் சாய்த்துப் பார்த்தார். "இப்படிப் பார்த்தா நேராத்தான் இருக்கு" என்றார். மனைவி சிரித்த சிரிப்பில் அடுத்த வீட்டுக் கதவு திறந்தது.

"ரெண்டு மார்க்குன்னா ரெண்டு வரி. புள்ளி வெச்சா கையை எடுத்துடணும். பத்து மார்க்குன்னா மனசுல இருக்கிறது தீர்ற வரைக்கும் எழுதணும். புரியுதா?" என்று தினமும் மாத்திரை மாதிரி மூன்று வேளையும் சொன்னார்.

கடையில் வாடிக்கையாளர்களும் பாடம் படித்தார்கள், வேறு வழி? பேக்கரிக்காரருக்கு நீர்ச் சுழற்சி மனப்பாடம். டாக்ஸி டிரைவர் உணவுச் சங்கிலியில் கரை கண்டுவிட்டார். ஓசோனைப் பற்றித் தெரியாமல் அந்தத் தெருவில் ஒரு தாடி வழிக்கப்படவில்லை. ஒருவர் பாதிச் சவரத்தில், "பசுமை இல்ல விளைவு வேணாம் சின்னவரே, நேத்துதான் கேட்டீங்க, இன்னிக்கு வேற குடுங்க" என்று கெஞ்சினார்.

பரீட்சை நாளும் வந்தது. நன்றாகச் சலவை செய்த சட்டை, ஒரே உயரத்தில் இரண்டு மடிப்பு, பையில் ஒரே நீளத்தில் இரண்டு பேனா. அறை வாசலில் கண்காணிக்க வந்த ஆசிரியர் மறித்தார்.

"பேரண்ட்ஸ் எல்லாம் வெளியில இருங்க சார்."

"நான்தாங்க பிள்ளை" என்று நுழைவுச்சீட்டைக் காட்டினார் சின்னவர்.

பிள்ளைகளுக்குச் செய்த பெஞ்சு. முழங்கால் இடித்தது. முன்னால் உட்கார்ந்திருந்த பெண் திரும்பிப் பார்த்து, "அங்கிள், நீங்களும் ஃபெயிலா?" என்று இரக்கத்தோடு கேட்டாள்.

"இல்லம்மா, பாஸு. அதான் வம்பே" என்றார்.

முதல் கேள்வி. 'ஓசோன் படலம் என்றால் என்ன?' இரண்டு மதிப்பெண். இரண்டே வரியில் எழுதினார், புள்ளி வைத்தார். கீழே பார்த்தார். ஐயோ, எவ்வளவு வெள்ளை இடம்! ஒரு பக்கம் வழித்து மறுபக்கம் விட்ட முகம் மாதிரி அது அவரையே பார்த்தது. கை பரபரத்தது. ஓசோனைப் பற்றி அவருக்கு இன்னும் என்னென்னவோ தெரியும், எல்லாம் நாக்கு நுனியில் நிற்கிறது. இடது கையால் அந்த வெற்றிடத்தை மூடிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனார். அதுவும் இரண்டு வரி. அடுத்ததும். நெற்றியில் வியர்வை.

நடுவில் ஒரு கேள்வியில் வழுக்கிவிட்டார். 'மண்புழுவின் பயன் இரண்டு கூறுக' என்று கேட்டிருந்தார்கள். மண்புழு அவருக்குப் பிடித்த பாடம். பயனில் ஆரம்பித்து, அது மூச்சு விடுவது, மழைக்கு வெளியே வருவது என்று போய், நிமிர்ந்து பார்த்தால் முக்கால் பக்கம். அழகாக, கச்சிதமாக, பழைய மட்டத்தில். "போச்சுடா" என்றது மனசு. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அண்ணன் முகம் வந்தது, ஜன்னலில் கையை நீட்டி நிறுத்தியவர் முகம் வந்தது. பேனாவைக் கீழே வைத்து, விரல்களை நெட்டி முறித்து, மறுபடி எடுத்தார்.

கடைசியில் பத்து மதிப்பெண். 'ஓர் ஏரி எவ்வாறு உயிரிழக்கிறது?' சின்னவர் எழுத ஆரம்பித்தார். வயலில் போடும் உரம் மழையில் கரைந்து ஏரிக்கு வருவது, பாசி பெருகுவது, தண்ணீரை மூடுவது. முக்கால் பக்கம் வந்ததும் பேனா தானாகவே மெதுவானது. பழகிப்போன இடம், வண்டி நிற்குமிடம் மாதிரி. ஆனால் மீன்கள் இன்னும் சாகவில்லை. பாசி மட்கவில்லை, காற்று தீரவில்லை, நாற்றம் எடுக்கவில்லை. ஏரி பாதி உயிரோடு கிடக்கிறது. அதை அப்படியே விட்டுவிட்டா எழுந்திருப்பது? சின்னவர் பல்லைக் கடித்துக்கொண்டு அந்தக் கோட்டைத் தாண்டினார். தாண்டிய பிறகு என்ன தடை? பக்கம் நிரம்பியது, அடுத்த பக்கம் நிரம்பியது. எழுந்து நின்று கையைத் தூக்கினார்.

"சார், எனக்கு இன்னும் தாள் வேணும்."

வகுப்பே திரும்பிப் பார்த்தது. ஒரு காலத்தில் பள்ளிக்கூடத்தில் இருந்து ஓடி வந்தவர், பள்ளிக்கூடத்தில் நின்று இன்னும் வேண்டும் என்று கேட்கிறார்! அந்தக் குரலில் இருந்த மிடுக்கை அவரே கேட்டார், அவருக்கே நெஞ்சு நிறைந்துவிட்டது. மணி அடிக்கும்போது ஏரிக்கு முடிவு கட்டிவிட்டு, அதைக் காப்பாற்ற நான்கு வழியும் எழுதியிருந்தார்.

வாசலில் மனைவி காத்திருந்தார். "எப்படி எழுதுனீங்க?"

"ஒண்ணு மட்டும் நீண்டுடுச்சு."

"எவ்வளவு?"

சின்னவர் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் அகட்டிக் காட்டினார். மனைவி பார்த்தார். "சரி, விடுங்க. ஒரு குழந்தைக்கு மருந்து ஒரு சொட்டு கூடிப்போனா டாக்டரைக் கூப்பிடணும். இது மண்புழுதானே" என்றார்.

பிறகு வந்த நாட்கள்தான் கொடுமை. சின்னவர் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டார். நுரை தடவுவார், வழிப்பார், துண்டை உதறுவார், அவ்வளவுதான். ஃபெயில் என்று வந்தால் அண்ணன் நிற்கும் நிலையை நினைத்து நினைத்து அவருக்குப் பேச்சே எழவில்லை. "என்ன சின்னவரே, இன்னிக்குத் தவளை இல்லையா?" என்று டாக்ஸி டிரைவர் தூண்டிப் பார்த்தார். சின்னவர் தலையை ஆட்டினார். வாடிக்கையாளர்களுக்கு என்னவோ பறிகொடுத்த மாதிரி இருந்தது. கடையில் விழுந்த அமைதியை அண்ணனாலேயே தாங்க முடியவில்லை. ஒரு நாள் அவர் தொண்டையைச் செருமி, "வெயில் ஜாஸ்திதான்" என்றார். நாற்காலியில் இருந்தவர் திடுக்கிட்டதில், காது தப்பியது பெரிய பாடு.

முடிவு வந்த அன்று விடுமுறை நாள், கடை நிறையக் கூட்டம். சின்னவர் பேக்கரிக்காரருக்கு ஒரு கன்னம் முடித்திருந்தார். கண்ணாடிக்கு முன்னால் இருந்த போன் அடித்தது, மனைவியின் எண். கையெல்லாம் சோப்பு. ஒரு விரலால் தொட்டு ஸ்பீக்கரில் போட்டார். அண்ணனுடைய கத்தரி நின்றது.

"என்னங்க, கேக்குதா? பி பிளஸ்! பி பிளஸ்ங்க!" பின்னாலிருந்து மருந்துக்கடையில் யாரோ கைதட்டுவதும் கேட்டது.

கடையே எழுந்துவிட்டது. டாக்ஸி டிரைவர், "தவளைன்னு நான் சொல்லிக் குடுத்தது!" என்று சத்தம் போட்டார். பேக்கரிக்காரர் பாதி முகத்தோடு கையைக் குலுக்கினார். சின்னவர் போனிடம் குனிந்து மெல்லக் கேட்டார்.

"ஏ-வுக்கு எவ்வளவு குறைச்சல்?"

"ரெண்டே மார்க்கு."

"அந்த மண்புழுதான்!" சின்னவர் முகம் பிரகாசமாகிவிட்டது. "அந்த ஒண்ணை மட்டும் ரெண்டு வரியில நிறுத்தியிருந்தா நேரம் மிச்சம். இன்னும் ஒரே ஒரு தடவை எழுதினா..."

"டேய்!"

அண்ணன்தான். கையில் கத்தரியோடு வந்தார். தம்பியின் தோளைப் பிடித்து, ஆள் எழுந்ததில் காலியாகியிருந்த தன் நாற்காலியில் அழுத்தி உட்கார வைத்தார். "இன்னொரு தடவை பரீட்சைன்னு வாயைத் திறந்தே, அப்புறம் தெரியும்." துணியை உதறி அவர் கழுத்தைச் சுற்றிக் கட்டினார். "காலேஜுக்குப் போறவன் தலையா இது? பரட்டைத் தலையோட போய் நின்னா, நம்ம கடையைப் பத்தி என்ன நினைப்பாங்க?" பிறகு காத்திருந்தவர்கள் பக்கம் திரும்பி, தெருவுக்கே கேட்கும் குரலில் சொன்னார்: "எல்லாரும் கேட்டுக்குங்க. இனிமே சாயங்காலத்துல சின்னவன் கடையில இருக்க மாட்டான். காலேஜ் இருக்கு. யாருக்கு அவசரமோ காலையில வாங்க."

"என் இன்னொரு கன்னம்?" என்றார் பேக்கரிக்காரர்.

"கொஞ்சம் இருங்க. எங்க வீட்டுப் பிள்ளையை முதல்ல அனுப்பிக்கிறேன்."

அண்ணன் சீப்பை எடுத்தார். பின்கழுத்தில் வெட்டுவதற்காகத் தம்பியின் தலையை முன்னால் அழுத்தினார். கையை எடுத்ததும் அது நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தது. "குனிடா" என்று மறுபடி அழுத்தினார். மறுபடி நிமிர்ந்தது. மூன்றாவது முறை அண்ணன் அழுத்தவில்லை. சுற்றி வந்து, நிமிர்ந்த தலையிலேயே வெட்ட ஆரம்பித்தார்.